கண்ணை மூடச் சொன்ன பிறகு என்ன நடக்கும்? ஹிப்னோதெரபி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசத்தின் மூலம் தருகிற சிகிச்சை பற்றிக் கேட்டவையே அதிகம். முதல்முறை போகப்போகிறவர்கள், ஒருமுறை போய்விட்டுக் குழம்பி நிற்கிறவர்கள், வீட்டில் ஒருவரை அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டு, கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

நாலு பேர் முன்னால் எழுந்து பேச வேண்டும் என்றாலே எனக்குக் கை நடுங்கும், தொண்டை அடைத்துக்கொள்ளும். பதவி உயர்வு வந்ததிலிருந்து வாரா வாரம் பேச வேண்டியிருக்கிறது. தோழி சொன்னாளென்று ஹிப்னோதெரபிக்கு நேரம் வாங்கிவிட்டேன், வாங்கியதிலிருந்து அதுவே பயமாகிவிட்டது. மயங்கிவிடுவேனா? யாரிடமும் சொல்லாததை உளறிவிடுவேனா? முழிக்க முடியாமல் போனால்? அங்கே வரிசையாக என்னதான் நடக்கும் என்று சொல்லுங்களேன், மேடம்.

அந்த மூன்று பயங்களையும் முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் மயங்க மாட்டீர்கள். ஹிப்னாடிசம் தூக்கமும் இல்லை; மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால் விழித்திருப்பவருடைய பதிவு போலத்தான் இருக்கும். சிகிச்சையாளரின் குரல் கேட்கும், வெளியே யாரோ கதவைச் சாத்துவதும் கேட்கும். சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் இருக்கலாம், பொய் சொல்லவும் முடியும். முழிக்க முடியாமல் போவது என்று ஒன்று கிடையாது. சிகிச்சையாளர் பாதியில் எழுந்து போய்விட்டால்கூட, கொஞ்ச நேரத்தில் நீங்களாகவே கண்ணைத் திறப்பீர்கள், அல்லது அப்படியே அசந்து தூங்கி எழுந்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

முதல் செஷன் பெரும்பாலும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் போகும். அதில் பாதிக்கு மேல் வெறும் பேச்சு. பிரச்சினை எப்போது ஆரம்பித்தது, எந்தச் சூழலில் அதிகமாகிறது, என்ன மருந்து எடுக்கிறீர்கள், வலிப்பு வந்ததுண்டா, மனநலத்துக்காக முன்பு சிகிச்சை எடுத்தீர்களா, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். எதையும் மறைக்காதீர்கள். "பயம் போக வேண்டும்" என்று மட்டும் சொன்னால் ஒரு நல்ல சிகிச்சையாளர் விடமாட்டார். பயம் இல்லாவிட்டால் அந்த அறைக்குள் எப்படி நுழைவீர்கள், கை எங்கே இருக்கும், முதல் வாக்கியத்தை யாரைப் பார்த்துச் சொல்வீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். பின்னால் நீங்கள் கண்ணை மூடியிருக்கும்போது உங்கள் மனசில் பதியச் சொல்லப்போகிற வாக்கியங்களை, அதாவது சஜஷன்களை, உங்களுடைய இந்தப் பதில்களிலிருந்துதான் அவர் எடுப்பார், அதனால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். இன்னொன்று, உங்களுக்குக் கடல் பயமென்றால், லிஃப்ட் ஒத்துக்கொள்ளாதென்றால், அதை முன்பே சொல்லிவிடுங்கள். கடற்கரையில் நடப்பதாகவும் படிகளில் இறங்குவதாகவும் கற்பனை செய்யச் சொல்வது இந்தத் துறையில் ரொம்பச் சாதாரணம். நீரைக் கண்டால் பதறுகிறவரிடம் அலை ஓசையைக் கேட்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம்தான் கண்ணை மூடுகிற பகுதி. நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்வார்கள். ஒரு புள்ளியையே உற்றுப் பார்க்கச் சொல்லலாம், மூச்சைக் கவனிக்கச் சொல்லலாம், பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வொரு தசையாகத் தளர்த்தச் சொல்லலாம். 1840களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்கிற அறுவை மருத்துவர், பளபளப்பான ஒரு பொருளைக் கண்ணுக்குச் சற்று மேலே பிடித்து அதையே பார்க்க வைத்தார். இன்றைக்கும் கண்ணை ஓரிடத்தில் நிறுத்துகிற முறை அதிலிருந்து அதிகம் மாறவில்லை. பிறகு எண்களைக் குறைத்துக்கொண்டே வருவார்கள், கவனம் உள்ளே திரும்பும், அப்போது சஜஷன்கள்: கூட்ட அறையின் கதவைத் திறக்கிறீர்கள், மூச்சு சீராக இருக்கிறது, குரல் வயிற்றிலிருந்து வருகிறது, இப்படி. கடைசியில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணி வெளியே கொண்டுவருவார்கள். இதற்கு இருபது, முப்பது நிமிடம் ஆகும். சிலர் முதல் நாள் இதைச் செய்யவே மாட்டார்கள், பேசி மட்டும் அனுப்புவார்கள், அதுவும் தவறில்லை.

உடம்பில் என்ன தெரியும் என்றால், கை கால் கனக்கலாம், அல்லது மிதப்பது போல இருக்கலாம். இமை படபடக்கும், எச்சில் அதிகம் ஊறும், அரை மணி நேரம் பத்து நிமிடம் போலத் தோன்றும். சிலருக்கு எதுவுமே தெரியாது. அரித்தால் சொறிந்துகொள்ளலாம், இருமல் வந்தால் இருமலாம், பிடிக்கவில்லை என்றால் கண்ணைத் திறந்து நிறுத்தச் சொல்லலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கலாம், அதனால் உடனே வண்டி ஓட்ட வேண்டாம்.

ஒரே ஒரு விஷயம். மேடைப் பயத்துக்கு இது மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னக் கூட்டம், அதைவிடக் கொஞ்சம் பெரிய கூட்டம் என்று உண்மையிலேயே எழுந்து பேசிப் பார்க்கவும் வேண்டும். அந்தப் பயிற்சியோடு சேர்த்துச் செய்கிறவரிடம் போனால் பலன் நன்றாக இருக்கும்.

முதல் செஷன் முடிந்து வந்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது எல்லாம் கேட்டது, நடுவில் கட்ட வேண்டிய பில்கூட ஞாபகம் வந்தது. நான் ஹிப்னாடிசத்துக்குள் போகவே இல்லையோ? என் மனசு கட்டுப்படாத ரகமா?

முதல் முறை போனவர்களில் ரொம்பப் பேர் சொல்வது இதைத்தான். ஏதோ ஒன்று வந்து நம்மை அமுக்கிவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறோம், அப்படி எதுவும் வராதபோது ஏமாற்றமாக இருக்கிறது. எல்லாம் கேட்டது, பில் ஞாபகம் வந்தது என்பதை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு செய்ய முடியாது.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருப்பது உண்மை. 1959ல் வைட்சன்ஹோஃபர், ஹில்கார்ட் என்கிற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இதை அளக்க ஒரு அளவுகோலே உருவாக்கினார்கள். கை கனக்கிறது என்று சொன்னால் கை தாழ்கிறதா, இல்லாத ஒரு ஈ சுற்றி வருகிறது என்றால் அதை உணர்கிறாரா, இப்படிப் பன்னிரண்டு சோதனைகள். நூற்றில் பத்துப் பதினைந்து பேர் மிக எளிதில் வசப்படுகிறவர்கள், ஏறக்குறைய அதே அளவு பேருக்கு அது லேசில் நடக்காது, மீதிப் பேர் நடுவில். இந்தத் தன்மை ஒருவருக்கு வருடக்கணக்கில் பெரிதாக மாறுவதும் இல்லை. அறிவு குறைவு, மனவலிமை அதிகம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கற்பனையில் எவ்வளவு தூரம் ஆழ்ந்து போக முடிகிறது என்பதோடுதான் சம்பந்தம். நடுவில் இருக்கிறவர்களுக்கும் சிகிச்சையில் பலன் கிடைக்கிறது, ஆழமாகப் போனால்தான் வேலை செய்யும் என்றில்லை.

அடுத்த முறை, "உள்ளே போய்விட்டேனா" என்று சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள். தூக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தால் தூக்கம் வராது இல்லையா, அது போலத்தான் இதுவும். எந்த வார்த்தை ஒத்துவந்தது, எது எரிச்சலாக இருந்தது என்று சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், அவர் முறையை மாற்றுவார். மூன்று நான்கு செஷனுக்குப் பிறகும் அன்றாட வாழ்க்கையில் துளி மாற்றமும் இல்லையென்றால் அதை வெளிப்படையாகப் பேசுங்கள். நாற்காலியில் என்ன உணர்ந்தீர்கள் என்பதை வைத்து அளக்காதீர்கள், வெளியே வந்த பிறகு உங்கள் பிரச்சினை குறைகிறதா என்பதுதான் கணக்கு.

மேடையில் ஒருவரை நாய் போலக் குரைக்க வைத்த வீடியோ பார்த்தேன். என்னையும் அப்படி ஆட்டிவைக்க முடியாதா?

மேடை நிகழ்ச்சிக்காரர் முதலில் கூட்டத்தில் ஆர்வமுள்ளவர்களை அழைக்கிறார், சின்னச் சின்னச் சோதனைகள் வைத்து அவர்களிலிருந்து எளிதில் வசப்படுகிற சிலரைப் பொறுக்கி எடுக்கிறார். அவர்கள் கூத்தில் கலந்துகொள்ளத்தான் வந்திருக்கிறார்கள், கூட்டமும் கைதட்டுகிறது. சிகிச்சை அறையில் இதில் எதுவும் கிடையாது, உங்கள் விருப்பத்துக்கு எதிரான சஜஷனை நீங்கள் தள்ளிவிடலாம். ஆனாலும் உங்கள் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துகிற ஆள் எந்தத் துறையிலும் இருக்கலாம், அதைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறேன்.

"ஒரே செஷனில் சிகரெட்டை விட வைக்கிறோம், உத்தரவாதம்" என்று விளம்பரம் பார்த்தேன். போகலாமா?

உத்தரவாதம் என்ற வார்த்தையைப் பார்த்தவுடனே அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மனித மனசோடு வேலை செய்கிற யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.

சிகரெட் விஷயத்தில் ஆய்வுகள் அவ்வளவு சாதகமாக இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2019ல் இதைப் பார்த்தது. மற்ற வழிகளைவிட ஹிப்னோதெரபி மேலானது என்று சொல்லத் தெளிவான ஆதாரம் இல்லை என்றுதான் முடிவு வந்தது. இதனால் விட்டவர்கள் இல்லையென்று அர்த்தமில்லை. ஆனால் நிகோடின் பேட்ச், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை, ஆலோசனை ஆகியவற்றுக்கு இதைவிட உறுதியான ஆதாரம் இருக்கிறது, அவற்றில் தொடங்கி, கூடுதல் துணையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் பல வருடமாக ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் நோய். எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று, மருந்துகளும் மாற்றிப் பார்த்தாயிற்று, வயிற்று வலியும் உப்பசமும் போகவில்லை. இப்போது மருத்துவரே ஹிப்னோதெரபி சொல்கிறார். வயிற்று வலிக்கு மனசுக்கு வைத்தியமா என்று அம்மா கோபப்படுகிறார். நான் என்ன சொல்லட்டும்?

அம்மாவின் கோபம் நியாயமானது. இவ்வளவு வருடம் வலித்த பிறகு "எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று யாரோ சொல்வதாகத்தான் அவர் காதில் அது விழும். முதலில் அவரிடம், வலி நிஜம் என்று சொல்லுங்கள். குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாக ஓயாமல் செய்தி போய்வருகிறது. ஐ.பி.எஸ்.ஸில் சாதாரண அசைவையும் வாயுவையும்கூடக் குடல் வலியாகச் சொல்லி அனுப்புகிறது, மூளையும் அதைப் பெரிதாக்கிக்கொள்கிறது. அந்தப் போக்குவரத்தை அமைதிப்படுத்துவதுதான் இங்கே நோக்கம்.

ஹிப்னோதெரபிக்கு நல்ல ஆதாரம் இருக்கிற இடங்களில் இதுவும் ஒன்று. 1984ல் பீட்டர் வோர்வெல் என்கிற மருத்துவரும் அவர் குழுவும் மான்செஸ்டரில், எந்த மருந்துக்கும் கேட்காத 30 ஐ.பி.எஸ். நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஹிப்னோதெரபி பெற்றவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். அதற்குப் பிறகு பல இடங்களில் இது தொடர்ந்து ஆராயப்பட்டது. எந்தச் சிகிச்சை தரலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டுகிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பன்னிரண்டு மாதம் மருந்து எடுத்தும் குறையாதவர்களுக்கு ஹிப்னோதெரபியையும் பரிசீலிக்கச் சொன்னது. மருத்துவர் சும்மா கைகழுவி அனுப்புகிறார் என்று அம்மா நினைக்க வேண்டாம்.

செஷன்கள் ஏழு முதல் பன்னிரண்டு வரை இருக்கும், வாரம் ஒன்று என்ற கணக்கில் மாதங்கள் ஆகும். வயிற்றின் மேல் கையை வைத்து வெதுவெதுப்பு பரவுவதாக உணர்வது, சீராக ஓடுகிற ஆற்றைக் குடலாகக் கற்பனை செய்வது, இப்படித்தான் இருக்கும். வீட்டில் தினமும் கேட்க ஒலிப்பதிவு தருவார்கள், அதைக் கேட்டால்தான் பலன். "குடல் சார்ந்த ஹிப்னோதெரபி" தெரிந்தவரா என்று கேட்டுக்கொண்டு போங்கள், பொதுவாக மன அழுத்தத்துக்குச் செய்கிறவரிடம் போவதில் பயன் குறைவு.

இதே போல அறுவை சிகிச்சைக்கு முந்தைய பயம், வலி ஆகியவற்றிலும் ஆதாரம் உண்டு. மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு முன் 200 பெண்களை வைத்து நியூயார்க்கில் செய்த ஆய்வு 2007ல் வெளிவந்தது. வெறும் பதினைந்து நிமிட ஹிப்னாடிசம் பெற்றவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய வலியும் குமட்டலும் குறைவாக இருந்தன. இதையும் அம்மாவிடம் சொல்லுங்கள், கேட்க நன்றாக இருக்கும்.

மூன்றாவது செஷனில் சிகிச்சையாளர், "உங்கள் பதற்றத்துக்குக் காரணம் சிறுவயதில் நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு சம்பவம், அடுத்த முறை அங்கே கூட்டிப்போய் வெளியே எடுக்கிறேன்" என்றார். தேவைப்பட்டால் முற்பிறவிக்கும் போகலாமாம். எனக்கு ஆவலாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

போகாதீர்கள். இதை நான் மென்மையாகச் சொல்லப்போவதில்லை.

நினைவு என்பது உள்ளே பத்திரமாகப் பூட்டி வைத்த பதிவு கிடையாது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனசு அதைத் திரும்பக் கட்டுகிறது, அப்படிக் கட்டும்போது கேட்டது, படித்தது, எதிர்பார்ப்பது எல்லாம் கலந்துவிடுகிறது. ஹிப்னாடிசத்தில் கற்பனை இன்னும் தாராளமாக ஓடும். எதிரே நம்பிக்கைக்குரிய ஒருவர் உட்கார்ந்து "அங்கே இன்னொருவர் நிற்கிறாரா, யார் அது" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், ஒருவர் நின்றுகொண்டுதான் இருப்பார். வெளியே வந்த பிறகு அது உண்மையாக நடந்தது என்ற உறுதியும் கூடிவிடும், இதுதான் ஆபத்து. நினைவு சரியானதாக ஆவதில்லை, நம்பிக்கை மட்டும் ஏறுகிறது. 1985ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு ஒன்று இதை ஆராய்ந்து, ஹிப்னாடிசத்தில் கிடைக்கிற நினைவுகள் சாதாரண நினைவைவிட நம்பகமானவை அல்ல என்று சொன்னது. அதற்கு முன்பே, 1982ல், கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நினைவை மீட்பதற்காக ஹிப்னாடிசத்துக்கு உட்பட்ட சாட்சியின் சாட்சியத்தை ஏற்க மறுத்தது. இந்த மாதிரி "மீட்டெடுத்த" நினைவை நம்பி அப்பாவையோ மாமாவையோ குற்றவாளி ஆக்கி, கடைசியில் அது நடக்கவே இல்லை என்று தெரிந்து, உடைந்துபோன குடும்பங்கள் உண்டு.

சிறுவயதில் நிஜமாகவே கொடுமை அனுபவித்து, அதை மறக்காமல் சுமக்கிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. உங்களுக்கு அதற்கென்று பயிற்சி பெற்ற மனநல நிபுணர் தேவை, உங்கள் வேகத்தில் போகிற சிகிச்சை தேவை. முற்பிறவி பற்றி உங்கள் நம்பிக்கை எதுவாகவும் இருக்கட்டும், நாற்காலியில் கண்ட காட்சி அதற்கு ஆதாரமாகாது, உங்கள் பதற்றத்துக்கு வைத்தியமாகவும் ஆகாது. அந்த சிகிச்சையாளரிடம், இப்போது இருக்கிற பதற்றத்தைச் சமாளிக்க மட்டும் உதவுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை எடுக்கிறான். ஹிப்னோதெரபி செய்தால் மாத்திரையை நிறுத்தலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

கூடாது. காதில் குரல் கேட்பது, இல்லாதது தெரிவது போன்ற நிலை உள்ளவர்களுக்கு ஹிப்னாடிசம் நிலைமையை மோசமாக்கலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற ஆளிடம் தம்பியை இன்னொரு முறை கூட்டிப் போகாதீர்கள். எதுவாக இருந்தாலும் அவனுடைய மனநல மருத்துவரிடம் பேசுங்கள். வலிப்பு உள்ளவர்களும் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

என் மனைவி தூக்கமின்மைக்காகப் போக விரும்புகிறாள். தனி அறையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதில் எனக்குத் தயக்கம். நான் கூட உட்காரலாமா? நல்ல ஆள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கூட உட்காரலாமா என்பதை உங்கள் மனைவி தீர்மானிக்கட்டும். அவர் விரும்பினால் கேட்கலாம், முறையான சிகிச்சையாளர் அதற்குக் கோபப்பட மாட்டார். ஆனால் நீங்கள் பக்கத்தில் இருந்தால் சில விஷயங்களை அவர் மனம்விட்டுப் பேச முடியாமலும் போகலாம், அப்படியென்றால் வெளியே காத்திருங்கள். பெண் சிகிச்சையாளரைத் தேடுவதும், செஷனை ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேட்பதும் அவருடைய உரிமை.

ஆளைப் பற்றி நான் முதலில் கேட்கச் சொல்வது, ஹிப்னாடிசம் தெரியாவிட்டாலும் இந்தப் பிரச்சினைக்கு உங்களால் சிகிச்சை தர முடியுமா என்பது. மருத்துவர், உளவியல் நிபுணர், பல் மருத்துவர் என்று அடிப்படைத் தகுதி உள்ள ஒருவர் கூடுதல் கருவியாக ஹிப்னாடிசத்தைக் கற்றிருந்தால் நல்லது. வார இறுதிப் பயிற்சி முடித்துச் சான்றிதழை மாட்டிவைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், பல இடங்களில் யார் வேண்டுமானாலும் இந்தப் பெயர்ப்பலகையை வைத்துக்கொள்ள முடிகிறது. எத்தனை செஷன், மொத்தம் என்ன செலவு, பலன் இல்லாவிட்டால் என்ன செய்வார் என்பதை முன்பே கேளுங்கள். பத்து செஷனுக்கும் சேர்த்து முதல் நாளே பணம் கேட்டால் தயங்குங்கள். தொடுவது அவசியமென்றால், உதாரணமாகக் கையைத் தூக்கிப் பார்ப்பதற்கு, முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்க வேண்டும். அதற்கு மேல் ஒரு தொடுதலும் இந்தச் சிகிச்சையில் இல்லை. ஏதாவது தவறாகப் பட்டால் மனைவி உடனே எழுந்து வெளியே வரலாம், நடந்ததைப் புகார் செய்யலாம், "நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ" என்று தன்னைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

தூக்கமின்மைக்கு மட்டும் ஒரு வார்த்தை: முதல் தேர்வாக அதற்கென்றே உள்ள, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பழக்குகிற சி.பி.டி. சிகிச்சையைத்தான் பரிந்துரைக்கிறார்கள். அதைப் பற்றியும் விசாரியுங்கள்.

செஷன் நடுவில் காரணமே தெரியாமல் அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து தலைவலி. ஏதாவது தப்பாகிவிட்டதா?

இல்லை. உடம்பு தளரும்போது அடக்கி வைத்திருந்தது மேலே வருவது உண்டு, நல்ல சிகிச்சையாளர் பதறாமல் அதை நிதானமாகக் கடக்க உதவுவார். லேசான தலைவலி, கிறுகிறுப்பு, அசதி சிலருக்கு வரும், அன்றைக்கே போய்விடும். ஆனால் நாள்கணக்கில் மனசு கலங்கியே இருந்தால், பழைய காட்சிகள் விடாமல் துரத்தினால், அடுத்த செஷன் வரை காத்திருக்காமல் போன் செய்து சொல்லுங்கள்.

வீட்டில் கேட்கச் சொல்லி ஒலிப்பதிவு தந்தார். போட்ட ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுகிறேன். பலன் கிடைக்குமா?

தூக்கத்துக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் அதைவிட நல்ல செய்தி வேறு இல்லை, அப்படியே விடுங்கள். வேறு பிரச்சினைக்கு என்றால் படுக்கையில் கேட்காமல் பகலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள், சாப்பிட்டவுடன் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் விழிப்பாகக் கேட்டால் போதும். சில வாரத்தில் பதிவு இல்லாமலே நீங்களே அந்த நிலைக்குப் போகப் பழகிவிடுவீர்கள். சமையல் செய்யும்போது, வண்டி ஓட்டும்போது மட்டும் போடவே போடாதீர்கள், காரில் பக்கத்து இருக்கையில் நீங்கள் இருந்து வேறொருவர் ஓட்டினாலும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள், ஓட்டுகிறவர் காதில் அது விழக்கூடாது.